மறந்தாரும் மறவாதானும்

உயிர்கள் உடம்பொடு கூடி வாழும் வாழ்க்கையில் மூப்பு வருதல் இயற்கை. கண்ணொளி குன்றுதலும், செவி கேளாமையும், கால் தள்ளாடுதலும் யாவரும் எதிர்பார்ப்பன. அவை வந்தபொழுது சுற்றத்தார் கோலும் கண்ணாடியும் உதவித் தாமும் ஒருவாறு தேறுகின்றனர். ஆனால், பெற்ற தாய் தன் மகனை நோக்கி, "ஐயா, தாங்கள் யார்?" என்று வினவுங்கால் அதனைப் பொறுக்கவல்லார் அரியர். நாற்பதாண்டு ஒருங்கு வாழ்ந்த கணவர் தம் மனைவியை அயலாளென்று கருதி வெளியே போகச் சொல்லுமிடத்து, அவ்வம்மையாரின் நெஞ்சம் படும் பாடு சொல்லுந்தரத்ததன்று. அந்நிலையில் அவர்தம் உள்ளத்தே ஒரு வினா எழுகின்றது: "நினைவு போயின பின் இவர் இருக்கின்றாரா? எம்மை அறியாத இவர்க்கு யாம் செய்யும் தொண்டு யாரைச் சென்று சேரும்?" இவ்வினா மருத்துவரால் மட்டும் விடையிறுக்கப்படுவதன்று. உயிரின் இயல்பை ஆராய்ந்த சித்தாந்த நூலுணர்ச்சியுடையாரும் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவரே. ஆதலின் ஈண்டு அதனைச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் நோயின் தன்மையை அறிதல் வேண்டும். முதுமையில் ஒருவர் பெயர் உடனே நினைவுக்கு வாராமையும், மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறத்தலும் நோயாகா. அக்கண்ணாடி எதற்கு உதவுவதென்றே தோன்றாமையும், பல்லாண்டு நடந்த தெருவில் வழி தெரியாது நிற்றலும், பணக்கணக்குத் தடுமாறுதலும், ஒரே வினாவைச் சிறிதுபொழுதில் பன்முறை வினவுதலும், இயல்பு மாறிச் சினமும் ஐயமும் மிகுதலும் நோயின் குறிகளாம். மேனாட்டு மருத்துவர் இதனை டிமென்ஷியா என்பர். நாம் மறதிநோய் என வழங்குவாம். இதன் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவது ஆல்ஸைமர் நோய். ஜெர்மானிய மருத்துவராகிய அலாய்ஸ் ஆல்ஸைமர் என்பார், 1901-ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனைக்கு வந்த 51 வயதுடைய பெண்மணி ஒருவரின் நிலையை நுணுகிக் குறித்துவைத்தார். 1906-இல் அப்பெண்மணி இறந்தபின் அவர்தம் மூளையை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, அதன்கண் படிவுகளும் முறுக்குண்ட இழைகளும் இருத்தலை அவ்வாண்டிலேயே டூபிங்கன் நகரில் அறிஞர் கூட்டத்தில் எடுத்துரைத்தார். மற்றொரு வகை, மூளைக்குச் செல்லுங் குருதிக்குழல்கள் பழுதுறுதலான் வருவது. இந்திய நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டாருள் நூற்றுக்கு 7.4 பேர், அஃதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோயுடையரென 2023-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று மதிப்பிட்டது. ஆகவே இது பேய்க்கோளுமன்று, குடும்பத்திற்கு இழுக்குமன்று. மூளையென்னும் உறுப்பைப் பற்றிய நோயேயாம்.

இனி வினாவிற்கு வருவாம். "நினைவின் தொடர்ச்சியே ஆள், அது நீங்கின் ஆளும் நீங்கினான்" என்பது ஒருசாரார் கொள்கை. ஆங்கிலநாட்டு அறிஞர் ஜான் லாக் என்பார், 1694-இல் வெளிவந்த தமது நூலின் இரண்டாம் பதிப்பில், ஒருவன் நேற்றைய தானே இன்றைய தானாதல் உணர்வின் தொடர்ச்சியால் என்று எழுதினார். அவ்வழி நோக்கின், மறதிநோயாளரை இருந்தும் இல்லாதவராகவே கருதல் வேண்டும். இக்காலத்தார் பலர் அவரெதிரிலேயே, "அவருக்கு ஒன்றும் தெரியாது" என்று உரத்துப் பேசுதலும், அவர் காண ஆடை மாற்றுதலும், அவரை ஒரு பொருளைப்போல் இடம்பெயர்த்தலும் இக்கொள்கையைத் தம்மையறியாது கொண்டமையாலன்றோ?

நம் ஆசிரியர் அவ்வாறு கூறிற்றிலர். மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தில் உடம்பு, பொறி முதலியவற்றின் வேறாக உயிருண்மையை நிறுவி, நான்காஞ் சூத்திரத்தில் அவ்வுயிர் அந்தக்கரணங்களுள் ஒன்றன்று எனத் தெளிவித்தருளினார். மனம் பற்றும்; புத்தி துணியும்; அகங்காரம் யானென்று எழும்; சித்தம் சிந்திக்கும். இவை நான்கும் உயிர்க்கு அமைச்சர் போல்வன. உயிர் அரசன் போல்வது. அமைச்சர் நோய்வாய்ப்பட்டு அவைக்கு வாராதொழியின் அரசன் ஆணை வெளிவருதலில்லை. அதுகொண்டு அரசனே இலன் என்று அரண்மனையைக் கொள்ளையிடப் புகுவாரை யாது சொல்வது!

அற்றேல், அந்தக்கரணங்கள் நுண்ணுடம்பைச் சார்ந்தனவாக, மூளையின் பழுதால் அவை கெடுதல் யாங்ஙனமெனின், கூறுதும். நனவின்கண் அக்கரணங்கள் தொழிற்படுதற்குப் பருவுடம்பு வாயிலாயிருக்கின்றது. வாயில் அடைபட்டவழி உள்ளிருப்பார் வெளிவரலாகாது. உள்ளே ஒருவரும் இலர் என்பதும் ஆகாது. நனவினுள்ளேயே ஐந்தவத்தையும் நிகழுமென்பது நம் நூல்களின் துணிபு. முன்பு நன்கறிந்த ஒருவர் பெயரை உடனே சொல்லமாட்டாது நாம் வாளா நிற்கின்ற கணம் உண்டன்றோ? அக்கணத்தில் நாம் இல்லாமற் போயினோமல்லோம். நமக்குக் கணமாய் வருவது மறதிநோயாளர்க்கு நாளாய், ஆண்டாய் நீள்கின்றது. அளவில் வேறுபாடே, உயிருண்மையில் வேறுபாடில்லை.

இதற்கு உலகியலிற் சான்றும் உண்டு. எமக்கு நெடுநாட் பழக்கமான முதியவர் ஒருவர் திருமுறை ஓதுதலில் வல்லவர். நோய் முதிர்ந்தபின் தம் மக்களின் பெயரும் தம் ஊரின் பெயரும் மறந்தார். உணவை வாயிலிட்டால் மெல்ல வேண்டுமென்பதையும் மறந்தார். ஒருநாள் மாலை அவர் பேரன் பக்கத்திலிருந்து தேவாரப் பதிகமொன்றைத் தொடங்க, அவர் பண்ணும் தாளமும் பிழையாது முழுப்பதிகத்தையும் உடனோதி முடித்தார். முடித்தபின் அப்பையன் யாரென்று வினவினார். பேச்சு மறைந்த பின்னும் பாட்டு எஞ்சுதலை மருத்துவரும் கண்டு கூறுகின்றனர். ஆனால் ஒன்று கூறல் வேண்டும்: எல்லார்க்கும் இவ்வாறு எஞ்சுமென்பதில்லை. பாட்டும் நீங்கிய ஒருவர் பாடவல்ல ஒருவரினும் குறைந்தவராகார். கருவி எத்துணை எஞ்சினும் உயிர் முழுமையாகவே உள்ளது.

இவ்விடத்து மெய்யன்பர் சிலரை வருத்துவதோர் அச்சம் உண்டு. அஃது, "உயிர் பிரியுங்கால் இறைவனை நினைத்தல் வேண்டுமென்பர்; யான் அவனையும் மறந்து இறப்பேனாயின் என் கதி யாது?" என்பது. நோயின் தொடக்கத்தில் அறிவு தெளிந்திருக்கும்பொழுதே முதியோர் பலர் இவ்வச்சத்தால் இரவெல்லாம் உறங்காதிருத்தலை யாம் அறிவோம். அவர்க்குக் கூறத்தக்கது இதுவே. உயிரின் நினைவால் இறைவன் உளனாகின்றானல்லன். இறைவன் உடனிற்றலால் உயிர் எதனையும் அறிகின்றது. ஐம்பொறிகள் உயிரால் அறிந்தும் அவ்வுயிரை அறியாவாறுபோல, உயிரும் இறைவனால் அறிந்தும் அவனை அறியாதிருக்கின்றது என்பது ஐந்தாஞ் சூத்திரத்தின் கருத்து. நனவில் நாம் மறந்திருந்த நாளெல்லாம் அவன் நம்மை விட்டு நீங்கினானோ? நோயால் மறந்த நாளில் மட்டும் நீங்குவனோ? சுந்தரமூர்த்தி நாயனார் திருப்பாண்டிக்கொடுமுடித் திருப்பதிகத்தில், தாம் மறப்பினும் தம் நா திருவைந்தெழுத்தைச் சொல்லுமென்று உறுதி கூறியருளினார். மறத்தல் நேருமென்பதை மறையாது உடன்பட்டுப் பின் தேறுதல் கூறிய அத்திருவாக்கு, இந்நோயாளர்க்கும் அவர் சுற்றத்தார்க்கும் பெருந்துணையாவது.

அந்நாயனார் வரலாற்றினையே பிறிதொருமுறை நோக்குக. புத்தூரில் மணக்கோலத்தில் வீற்றிருந்த நம்பியாரூரர்பால் இறைவன் முதுமறையவனாய்க் கோலூன்றி வந்து, "நீ எனக்கு அடிமை" என்று வழக்கிட்டான். இளைஞராகிய நம்பி அம்முதியவனைப் பித்தனென்று எள்ளினார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் ஓலை காட்டப்பட்ட பின்னரே, மறந்தவர் தாமென்பதும் மறவாதிருந்தவன் அம்முதியவனென்பதும் விளங்கின. நம் வீட்டு மூலையில் கட்டிலிற் கிடந்து பொருளற்ற சொற்களைப் பிதற்றும் முதியவரைப் பித்தரென்று எள்ளப் புகுமுன் இவ்வரலாறு நம் நினைவுக்கு வருதல் நலம்.

ஈண்டு மற்றொரு தடையும் நிகழ்த்துவர்: "இஃது அவரவர் வினை, நுகர்ந்தே கழித்தல் வேண்டும், நாம் இடைப்புகுந்து ஆவதென்?" என்று. வினையுண்மை நமக்கு உடன்பாடே. ஆயின் பிறர் துன்பத்தை அவர் வினையென்று கூறி வாளாவிருத்தல் நமக்குப் புதுவினையாய் முடியும். சூலைநோயால் வருந்தித் திருவதிகைக்கு வந்த தம்பியாரைத் திலகவதியம்மையார், "நீ புறச்சமயம் புக்கமையின் வந்த பயன் இது" என்று கடிந்து கதவடைத்தாரல்லர். திருநீறளித்துத் திருக்கோயிலுள் அழைத்துச் சென்றார். வினையை எண்ணி நிறுப்பது இறைவன் செயல். நோயுற்றாரைத் தாங்குவது நம் செயல். இறைவன் தொழிலை நாம் மேற்கொண்டு நம் தொழிலை விடுதல் நெறியாகாது. இனி, அறியாதவர்க்குச் செய்யுந் தொண்டு வீணென்பாரும், தாம் குழவியாயிருந்த நாளை எண்ணிப் பார்ப்பாராக. அன்று நம் தாயார் நம்பால் நன்றியை எதிர்நோக்கியோ பாலூட்டினர்?

இனி, இத்தொண்டில் இறங்குவார்க்கு நாள்தோறும் நேரும் அறச்சிக்கல் ஒன்றுண்டு. அது வாய்மை பற்றியது. ஈண்டு யான் செய்த பிழையொன்றை மறையாது கூறுகின்றேன். என் தாயார் இந்நோயால் வருந்திய காலத்து, அந்திப்பொழுதில் வாயிலை நோக்கி, "அப்பா இன்னும் வரவில்லையே, ஏன்?" என்று கேட்பார். என் தந்தையார் மறைந்து பன்னிரண்டாண்டுகள் ஆயிருந்தன. பொய்யாமையை அறமென்று மேடைகளிற் பேசிவந்த யான், "அவர் சிவபதம் அடைந்து பன்னிரண்டாண்டு ஆயிற்றே, அம்மா" என்றேன். அவர் அச்செய்தியை அப்பொழுதே கேட்டவர்போல் மார்பிலடித்து அழுதார். மறுநாள் அதே வினா, அதே விடை, அதே அழுகை. நான்காம் நாள் என் இல்லாள் முன்வந்து, "மாமாவுக்கு உங்கள் கைப்பக்குவத்தில் எது மிகவும் பிடிக்கும், அத்தை?" என்றாள். என் தாயார் முகம் மலர்ந்து, மணத்தக்காளி வற்றற்குழம்பு வைக்கும் முறையை நெடுநேரம் கூறினார். பின் உண்டு உறங்கினார்.

அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. அவர் கேட்டது செய்தியன்று, துணை. யான் செய்தியைக் கொடுத்துத் துணையை மறுத்தேன். என் இல்லாள் பொய்யொன்றும் கூறாமலே அவர் வேண்டியதைக் கொடுத்தாள். தீங்கு பயவாத சொல்லே வாய்மையென வரையறுத்த திருவள்ளுவர் கருத்து அதுகாறும் எனக்கு ஏட்டளவிலேயே இருந்தது. ஒருமுறை கேட்டுத் தாங்கவல்லார்க்கு உண்மையை ஒருமுறை கூறுதல் அறம். ஒவ்வொரு நாளும் புதிதாய்க் கைம்மை எய்துமாறு ஒருவரை வருத்துதல் எவ்வாற்றானும் அறமன்று. அதற்காகக் கதைகள் புனைந்து ஏமாற்றவும் வேண்டா. சொல்லின் பின்னுள்ள அச்சத்தை அல்லது ஏக்கத்தை அறிந்து அதற்கு விடை கூறினாற் போதும். "வீட்டுக்குப் போகவேண்டும்" என்று தம் வீட்டிலிருந்தே அழுவாரோடு வழக்கிடாது, "உங்கள் வீட்டில் கிணறு எந்தப் பக்கம்?" என்று கேட்டுக் கைபிடித்துச் சிறிது நடத்திவரின் அவர் அமைதியுறுவர்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. பளிங்கு தன்னை அடுத்த நிறத்தைக் காட்டுவதுபோல்வது. இந்நோயாளர் நிகழ்ச்சியை மறப்பினும் அதனால் எழுந்த இன்பமோ துன்பமோ நெடுநேரம் அவர்பால் நிற்குமென்று ஆராய்ச்சியாளரும் கண்டிருக்கின்றனர். காலையில் நாம் சினந்து கூறிய சொல் அவர்க்கு நினைவிராது; ஆயின் அச்சம் மாலைவரை இருக்கும். "நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று தேர்வு வைத்தல் கொடிது. "அம்மா, நான் உங்கள் மகன்" என்று முன்னின்று, முகம் நோக்கி, மெல்லக் கூறுதல் இனிது. ஒரு நேரத்தில் ஒரு செயலையே சொல்லுக, விடைக்குக் காத்திருக்க.

மருத்துவம் பற்றிச் சில. குறிகள் தோன்றியவுடன் மருத்துவரிடம் காட்டல் வேண்டும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டுக் கோளாறு, மனச்சோர்வு, உட்கொள்ளும் சில மருந்துகளின் விளைவு ஆகியவற்றாலும் மறதி வரும், இவை தீர்க்கத்தக்கன. இந்நோயை முற்றும் நீக்கும் மருந்து இல்லையாயினும், சிலர்க்குக் குறிகளைத் தணிக்கும் மருந்துகள் உள. மெல்ல நடக்கும் நோய் இது. ஆதலின் ஓரிரு நாளில் திடீரென்று மயக்கமும் பிதற்றலும் மிகுமாயின் அதனை மூப்பென்று விடலாகாது. சிறுநீர்ப்பாதைத் தொற்றோ, மலச்சிக்கலோ, நீர்க்குறைவோ, புதிய மருந்தோ காரணமாயிருத்தல் கூடும்; உடனே மருத்துவரை அழைக்க. உறக்க மருந்தைத் தாமே கொடுத்தலும், கட்டிலோடு பிணித்தலும் தீது. செவிக்கருவியும் கண்ணாடியும் ஒழுங்காயிருப்பின் குழப்பம் ஓரளவு குறையும். இரவில் கழிப்பறைவரை சிறுவிளக்கு எரிக. சட்டைப்பையில் பெயரும் முகவரியும் எழுதிய சீட்டு இருக்கட்டும். உணவை மெத்தென ஆக்கி, நிமிர்ந்து உட்காரவைத்துச் சிறிது சிறிதாக ஊட்டுக; படுத்தவாறு ஊட்டின் புரையேறும்.

நம்மவர் இல்லங்கட்கே உரிய சில உள. பூசையறையிற் குத்துவிளக்கும் கற்பூரமும் முதியவர் தனித்திருக்க எரிதல் கூடாது, ஒருவர் உடனிருக்க. காலை அனுட்டானத்தை முடித்ததை மறந்து மீண்டும் தொடங்குவாராயின், "ஆயிற்றே" என்று தடுக்க வேண்டா. மும்முறை செய்தாலும் குற்றமென்ன? செய்ய மறந்தாராயின் கடியாது, நாமே அவர் நெற்றியில் திருநீறணிந்து ஐந்தெழுத்தை மெல்ல ஓதுக. பிரதோடம் முதலிய விரதநாட்களில் அவரைப் பட்டினி இருத்தல் ஆகாது. நீரிழிவுக்கு மருந்துண்பார்க்கு அது பெருந்தீங்கு பயக்கும். நோய் முதிருமுன், அறிவு தெளிந்திருக்கும்பொழுதே, தம் சொத்தையும் மருத்துவத்தையும் பற்றி அவர் விருப்பம் யாதென அவரையே கேட்டறிந்து எழுதிவைத்தல் நேர்மையாகும்.

இளையோரும் ஒன்று கருதுக. குருதிக்கொதிப்பு, நீரிழிவு, கேள்விக்குறைவு, புகைத்தல், மது, உடலுழைப்பின்மை, தனிமை முதலிய 14 காரணங்களை வாழ்நாள் முழுதும் காத்தொழுகின், உலகில் இந்நோயில் ஏறத்தாழ நூற்றுக்கு 45 பங்கினைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடுமென, 2024-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழின் ஆராய்ச்சிக் குழு அறிவித்தது. உடம்பைப் பேணுதலும் சைவ ஒழுக்கமேயாம்.

இறுதியாக, தொண்டு செய்வாரைப் பற்றி ஒன்று கூறாது விடின் இக்கட்டுரை நேர்மையுடையதாகாது. யான் அவைகளில் உயிரியல்பு பேசித் திரிந்த ஆண்டுகளில், என் தாயாரைக் குளிப்பாட்டியவளும், இரவில் நான்குமுறை எழுந்தவளும், அவர் கையால் அடியுண்டவளும் என் இல்லாளே. பெரும்பாலான வீடுகளில் மருகியோ மகளோ ஒருத்தியே இச்சுமையைத் தாங்க, மற்றையோர் அவளுக்கு அறம் கற்பிக்கின்றனர். இது முறையன்று. பெற்றோர்கடன் பிள்ளைகள் எல்லார்க்கும் பொது. 2007-ஆம் ஆண்டில் இந்திய நாட்டில் இயற்றப்பட்ட பெற்றோர் பேணற் சட்டமும் அக்கடனை மைந்தர்க்கும் மகளிர்க்கும் ஒப்பவே வைத்தது. முறைவைத்துக் கொள்க, இரவுப்பொழுதை ஆடவர் ஏற்க, வாரத்தில் ஒருநாளேனும் அவளுக்கு ஓய்வு தருக. சினம் மேலிட்டபொழுது அவ்வறையை விட்டு வெளியே வந்து சிறிது நிற்றல் பாவமன்று. கைம்மீறிய நிலையில் பயின்ற செவிலியரை அமர்த்துதலும், நல்லதோர் இல்லத்தில் விட்டு நாள்தோறும் சென்று காணுதலும் கைவிடுதலாகா. விட்டபின் காணாதிருத்தலே கைவிடுதல்.

அன்பர்களே, தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு விடை இப்பொழுது எளிது. அவர் இருக்கின்றார். நம்மை அவர் அறியாராயினும் அவரை நாம் அறிவோம். ஈண்டு இருவர்க்கும் உரிய நினைவை ஒருவர் சுமத்தல் வேண்டியிருக்கின்றது. அஃது அரிய செயலே. ஆயினும் புதிய செயலன்று. எண்ணிறந்த பிறவிகளிலும் நாம் மறந்திருக்க, நம்மை ஒருவன் மறவாது சுமந்து வருகின்றான். அவன் நமக்குச் செய்வதில் அணுவளவேனும் நாம் ஒரு முதியவர்க்குச் செய்யும் பேறு இந்நோயின் வாயிலாக நம் வீட்டுக்கு வந்திருக்கின்றது. என் தாயார் இறுதிநாளில் என்னைப் பார்த்து, "நீங்கள் நல்ல பிள்ளை, உங்கள் அம்மா எங்கே இருக்கிறார்?" என்றார். "இங்கேதான் இருக்கிறார்" என்றேன். அது பொய்யன்று.

திருச்சிற்றம்பலம்.